குழந்தைகளுக்குப் பருவகாலம் சொல்லிக்கொடுப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பருவகாலப் பாடம் வரும்போதெல்லாம் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் வடதமிழகக் கடலோரத்தை மனதில் வைத்தவை. மற்ற ஊர்க்காரர்கள் 11ஆம் கேள்வியையும் சேர்த்துப் படியுங்கள்.

1. எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? என் பையனுக்கு மூணரைதான் ஆகுது.

இப்போதே ஆரம்பிக்கலாம், ஆனால் "பருவம்" என்ற பெயர் எதுவும் வேண்டாம். மூன்று, நான்கு வயதில் குழந்தைக்கு "இன்று" தெரியும், "நேற்று" கொஞ்சம் தெரியும். "மூன்று மாதம்" என்பது வெறும் சத்தம். அதனால் இன்று வெளியே என்ன நடக்கிறது என்று மட்டும் பேசுங்கள். தரை சுடுகிறது, துணி காயவில்லை, குயில் கத்துகிறது, காலையில் குளிருகிறது. அவ்வளவு போதும்.

ஐந்து, ஆறு வயதில் வரிசை பிடிபடும். இதற்கு முன் எது, அடுத்து எது என்று கேட்கலாம். "ஏன்" என்ற கேள்வி ஏழு வயதுவாக்கில் தானாக வரும். அது வருவதற்கு முன்னால் பூமி, சாய்வு, சுற்றுப்பாதை என்று ஆரம்பித்தால் குழந்தை ஒப்பித்துவிடும், நமக்கும் புரிந்துவிட்டது போலத் தோன்றும்.

2. புக்ல ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர்னு நாலு இருக்கு. தாத்தா ஆறுங்கறார். எதுங்க சரி?

இரண்டும் சரிதான், இடம்தான் வேறு. புத்தகத்தில் இருக்கும் நான்கும் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் கண்ணால் பார்க்கக் கூடியவை. அங்கே அக்டோபரில் மரங்கள் சிவந்து உதிரும், ஜனவரியில் மொட்டையாக நிற்கும், ஏப்ரலில் துளிர்க்கும். அந்தப் படத்தில் தவறு எதுவும் இல்லை. நம் ஜன்னலுக்கு வெளியே அது நடப்பதில்லை, அவ்வளவுதான்.

தாத்தா சொல்வது பெரும்பொழுதுகள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆளுக்கு இரண்டு மாதம். இது பழைய இலக்கண நூல்கள் வகுத்த கணக்கு.

மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செய்தியில் கேட்பது இதைத்தான்.

3. அப்போ என் பொண்ணுக்கு எத்தனைன்னுதான் சொல்லிக்கொடுக்கறது?

என் வகுப்பில் நான்கு சொல்கிறேன்: வெயில் காலம், காற்றுக் காலம், மழைக் காலம், பனிக் காலம். மார்ச் தொடங்கி வெயில். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை காற்று. நடுவில் ஆடிக்காற்று வருவதால் இந்தப் பெயர் குழந்தைகளிடம் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அக்டோபரில் இருந்து மழை. மார்கழி பிறந்ததும் காலைப் பனி தொடங்கி மாசி வரை. மேலே சொன்ன வானிலைத் துறைப் பிரிவோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகும், அதனால் பெரிய வகுப்பில் போய் மாற்றிப் படிக்க வேண்டியதில்லை.

ஆறு பெயர்களையும் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையிடம் முன்பனிக்கும் பின்பனிக்கும் வித்தியாசம் கேட்காதீர்கள். பெரியவர்கள் எத்தனை பேர் சொல்வோம்?

4. பரீட்சையில என்ன எழுதச் சொல்றது?

புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும். "குளிர்நாடுகளில் இப்படி, நம் ஊரில் இப்படி" என்று இரண்டு பக்கமாக நோட்டில் படம் ஒட்டிக்கொடுத்தால் குழந்தை குழம்புவதில்லை. நாம் நினைப்பதைவிடச் சுலபமாக இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

5. வீட்டுல என்ன செய்யலாம்? சார்ட் வாங்கணுமா?

வேண்டாம். வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதா? இதைவிட நல்ல பாடப்பொருள் கடையில் கிடைக்காது. தினமும் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு தாளை ஒரு பழைய நோட்டில் ஒட்டி, அதன் பக்கத்தில் அன்று வெளியே பார்த்த ஒன்றை வரையச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத குழந்தை சொல்வதை நீங்கள் ஒரு வரியில் எழுதலாம். "இன்னைக்கு ஈசல் வந்துச்சு", "மாங்காய் வண்டி வந்துச்சு" மாதிரி.

கிழிக்கக் கிழிக்கக் கட்டு மெலிவதைக் குழந்தை கையாலேயே உணர்கிறது. காலம் போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. முதல் சில மாதங்கள் அந்த நோட்டு சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரு வருடம் சுற்றி வந்த பிறகு போன வருடத்து அதே மாதப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்போதுதான் "மறுபடியும் வருது!" என்பது அவர்களுக்குப் புரிகிறது.

6. நாங்க அபார்ட்மெண்ட்ல அஞ்சாவது மாடி. மண்ணு, மரம், ஒண்ணுமே கிடையாது. என்ன பண்றது?

தெருவில் வரும் தள்ளுவண்டி போதும். ஏப்ரலில் நுங்கும் மாங்காயும், ஜூன், ஜூலையில் நாவல்பழம், ஆகஸ்டுக்கு மேல் சீதாப்பழம், பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம், பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும், மார்கழி, தையில் மொச்சை. சூப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே வருடம் முழுவதும் ஆப்பிள்தான் இருக்கும்.

பனைமரம் ஒன்றை வைத்தே வருடம் முழுவதையும் சொல்லிவிடலாம். வெயில் காலத்தில் இளங்காயை வெட்டினால் நுங்கு. வெட்டாமல் விட்ட காய் ஆடி, ஆவணியில் பனம்பழமாகி விழும். அதன் கொட்டையை மண்ணில் புதைத்து வைத்தால் மழையில் முளைவிட்டு, தைக்குள் கிழங்காகிவிடும். பொங்கல் நேரத்தில் அதை அவித்துத் தின்கிறோம். குழந்தையிடம் கிழங்கைக் கொடுத்து "இது போன வெயில் காலத்துல நுங்கா இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், நம்பாது. அடுத்த கோடையில் நுங்கு வாங்கும்போது மறக்காமல் அதை நினைவுபடுத்துங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள் விழும் வெயில். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் மார்கழி, தையில் மதிய வெயில் தரையில் நன்றாக விழும், ஜூனில் விழாது. தரையில் சாக்பீஸால் ஓரத்தைக் கோடு போட்டு மாதாமாதம் தேதி எழுதுங்கள். காரணம் 9ஆம் கேள்வியில் வருகிறது.

7. எந்த மரத்தைக் காட்டினா நல்லா தெரியும்? நம்ம மரம் எல்லாம் எப்பவும் பச்சையாவே இருக்கே.

அப்படித் தோன்றுவது நாம் உற்றுப் பார்க்காததால்தான். வேப்பமரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து, உடனே செம்புநிறக் கொழுந்து வரும். தமிழ்ப் புத்தாண்டுக்குப் பச்சடி போடும் நேரத்தில் பூத்துக் கொட்டும். ஆனி, ஆடியில் மஞ்சள் பழம் விழுந்து தெருவெல்லாம் வழுக்கும். சென்னைத் தெருக்களில் நிற்கும் பாதாம் மரமும் நல்லது, அதன் பெரிய இலைகள் உதிர்வதற்கு முன் சிவப்பாக மாறும். புத்தகத்தில் இருக்கும் "ஆட்டம்" படத்தைக் காட்ட வேண்டுமானால் இந்த மரம் போதும். ஆனால் அது அக்டோபரில் அல்ல, பெரும்பாலும் தை, மாசியில். சித்திரையில் சரக்கொன்றையின் மஞ்சளும் மயிற்கொன்றையின் சிவப்பும் யாரும் சொல்லிக்காட்ட வேண்டாதவை.

பல மரங்கள் வேண்டாம், ஒன்று போதும். வாரம் ஒரு முறை, அதே மரம். இலை, பூ, காய் மூன்றையும் "இல்லை, கொஞ்சம், நிறைய" என்று குறித்தால் போதும். சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் பள்ளிக் குழந்தைகள் இதேபோல மரங்களைக் கவனித்துப் பதிவு செய்கிறார்கள். கேரளத்தில் நிறையப் பள்ளிகள் அதில் இருக்கின்றன.

8. "நம்ம வீட்டுல எப்போ ஐஸ் விழும்?"னு தினமும் கேட்கறான். கார்ட்டூன் பார்த்துட்டு வந்த வினை.

சென்னையில் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். மறுநாள் பார்த்தால் அவனே சொல்லிவிடுவான். காஷ்மீரிலும் இமாசலத்திலும் வெண்பனி விழும். நம் மாநிலத்தில் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்வெளி வெள்ளையாகிவிடும். அது வானத்தில் இருந்து விழுந்தது அல்ல, புல்மேலேயே உறைந்தது.

ஆனால் "நம்ம ஊர்ல ஐஸ் விழவே விழாது" என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். ஆலங்கட்டி மழை இருக்கிறதே! அதுவும் குளிர்காலத்தில் அல்ல, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்து இடிமழையில். வெயில் காலத்து இடிமேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும், அதன் உச்சி எப்போதும் ஃப்ரீசர்தான். கொளுத்தும் வெயிலில் ஐஸ் விழும் என்று கேட்டால் குழந்தைகளுக்கு ஏற்படும் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

9. வெயில் காலத்துல சூரியன் நம்ம கிட்ட வந்துடுதுன்னு சொல்லிக்கொடுத்துட்டேன். சரிதானே?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. அதாவது நாம் போர்வையைத் தேடும் மார்கழியில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. தூரத்தால் பருவம் மாறுவதில்லை.

பூமி 23.5 டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஆறு மாதம் வடபாதிக்கு நேர் வெயில் கிடைக்கிறது, ஆறு மாதம் தென்பாதிக்கு. இருட்டு அறையில் டார்ச்சை தரைக்கு நேராக அடித்தால் வெளிச்சம் சின்ன வட்டமாக, பளிச்சென்று விழும். அதையே சாய்த்து அடித்தால் பரந்து மங்கும். நேர்வெயில் சுடும், சாய்ந்த வெயில் இதமாக இருக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இந்த அளவு போதும். பூமி உருண்டையை மேசையைச் சுற்றிக் கொண்டுபோகும் விளையாட்டை நான் பெரிய வகுப்புக்கு விட்டுவிடுவேன். சின்னக் குழந்தைகள் அதைப் பார்த்து இரவு, பகலையும் பருவத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

10. சாய்வு எல்லாம் புரியலைங்க. கண்ணால காட்டற மாதிரி ஏதாவது இருக்கா?

நிழல் இருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். மாதம் ஒரு முறை, ஏதாவது ஒரு ஞாயிறு, மதியம் 12 மணி 10 நிமிடம் வாக்கில் குழந்தையை மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நிறுத்தி நிழலின் நுனியில் கோடு போடுங்கள். ஏன் 12.10? சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ அப்போதுதான்.

ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு டிசம்பர் 21 வாக்கில் நிழல் சுமார் 75 செ.மீ. நீளம் இருக்கும், வடக்குப் பக்கம் விழும். மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, ஏப்ரல் 24 வாக்கில் காலடியிலேயே மறைந்துவிடும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு நடப்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பிக்கும். ஜூன் 21 வாக்கில் தெற்கே சுமார் 18 செ.மீ. இருக்கும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி காணாமல் போய், பிறகு வடக்கே திரும்பிவிடும். டெல்லிக் குழந்தைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை.

ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், ஏப்ரலைத் தவறவிடாதீர்கள். மதியத் தரை சுடும், செருப்போடு நிறுத்துங்கள். ஒரே இடத்தில் வருடம் முழுவதும் கோடு போட முடியாதென்றால் கயிற்றால் அளந்து, வெட்டிய கயிற்றை 5ஆம் கேள்வியில் சொன்ன நோட்டில் ஒட்டிவிடலாம்.

11. டிவியில ஜூன்லயே பருவமழை தொடங்கிடுச்சுங்கறாங்க. இங்க மழையையே காணோம். குழந்தைகிட்ட என்ன சொல்ல?

டிவியில் சொல்வது தென்மேற்குப் பருவமழை. ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். அந்தக் காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். ஈரத்துண்டைப் பிழிந்துவிட்டுக் கொடுத்த மாதிரி. அதற்காக இங்கே ஒரு சொட்டும் இல்லை என்று அர்த்தமில்லை, ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் சென்னையில் நல்ல இடிமழை உண்டு.

நமக்கு முக்கியமான மழை அக்டோபர் 20 வாக்கில் வரும் வடகிழக்குப் பருவமழை. காற்று திசை மாறி வங்காள விரிகுடா பக்கம் இருந்து வீசும். சென்னையில் வருடத்துக்குப் பெய்யும் ஏறத்தாழ 140 செ.மீ. மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் இதுதான் பெரிய மழை. மொட்டை மாடியில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டால் ஆடியில் எந்தப் பக்கம் பறக்கிறது, கார்த்திகையில் எந்தப் பக்கம் என்று குழந்தையே பார்த்துச் சொல்லும். கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று குறுக்கிடும், அதனால் காலையில் பாருங்கள்.

மலையோரத்துக் கதை வேறு. தென்காசி, குற்றாலத்தில் ஜூன் தொடங்கினால் சாரல், அருவியில் தண்ணீர். அங்கே உள்ள குழந்தைக்கு "ஜூன் காற்றுக் காலம்" என்று மட்டும் சொன்னால் சிரிக்கும். கன்னியாகுமரிக்கு இரண்டு மழையும் உண்டு. நீலகிரியிலேயே கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் வேகமாகச் சுழல்வதும் இந்த ஜூன், ஜூலைக் காற்றில்தான். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்து 3ஆம் கேள்வியின் நான்கு பெயர்களையும் மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

12. வெயில் காலம்னு சொல்லிக்கொடுத்தேன், அன்னைக்கே மழை கொட்டிடுச்சு. "மிஸ் தப்பா சொல்றாங்க"ங்கறா.

நல்ல கேள்வி கேட்கும் குழந்தை. காலம் என்றால் அடிக்கடி நடப்பது, தினமும் நடப்பது அல்ல என்று சொல்லுங்கள். கோடை மழை ஏப்ரல், மே மாதங்களில் வருவது வழக்கம்தான். நோட்டைத் திறந்து அந்த மாதத்தில் எத்தனை வெயில் படம், எத்தனை குடைப் படம் என்று எண்ணச் சொல்லுங்கள். பதில் அதிலேயே இருக்கும்.

பழமொழிகளையும் இப்படியே வைத்துக்கொள்ளலாம். "கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2023இல் மார்கழி பிறந்த நாளை ஒட்டித்தான் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது.

13. இடி, மழைன்னா என் பொண்ணு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறா. மழைக்காலத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க?

வெள்ளத்தைப் பார்த்த வீட்டில் குழந்தை பயப்படுவது இயல்பு. "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. மழை அளக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமான, தட்டையான அடியுள்ள டப்பாவை மாடியில், மேலே எதுவும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். மழைவிட்ட பின் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இரவெல்லாம் இடித்த மழையை மறுநாள் ஸ்கேலால் அளக்கும் குழந்தைக்கு அதன்மேல் ஒரு பிடி கிடைக்கிறது.

புயல் நேரத்தில் டிவிச் செய்தி ஓடிக்கொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே வெள்ளக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது அது ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது என்று சின்னக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

14. அக்னி நட்சத்திரம்னா எந்த நட்சத்திரம்? அதுதான் சுடுதான்னு கேட்கறான்.

எந்த நட்சத்திரமும் சுடுவதில்லை, சுடுவது சூரியன்தான். சூரியன் பரணியின் மூன்றாம் பாதம் தொடங்கி கிருத்திகையைக் கடந்து ரோகிணியின் முதல் பாதம் வரை இருக்கும் நாட்களுக்குப் பஞ்சாங்கத்தில் வைத்த பெயர் அது. கிருத்திகைக்கு அதிதேவதை அக்னி. மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். கத்திரி முடிந்த மறுநாளே குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசியில்தான்.

15. சித்திரை இளவேனில்னு சொல்றீங்க. "இளம்" வெயில்னா இப்படியா கொளுத்தும்?

கொஞ்சம் சிக்கலான கேள்வி, பெரியவர்களுக்கான பதில் இது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவமோ சூரியன் வடக்கு, தெற்காக நகர்வதைப் பொறுத்தது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால் இரண்டுக்கும் இடையே 70 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் விலகல் ஏற்படுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் தேதி, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20, 21ஐ ஒட்டி வந்தது. இப்போது ஏப்ரல் 14இல் வருகிறது. பழைய இளவேனில் இன்றைய மார்ச் இறுதியில் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால் பெயர் கொஞ்சம் பொருந்துகிறது.

உத்தராயணமும் இதே கதைதான். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் கொண்டாடுவது தை முதல் நாளில். 10ஆம் கேள்வியின் நிழல் கோடுகளைப் பார்த்தால், பொங்கலுக்கு முன்பே நிழல் குறைய ஆரம்பித்திருப்பது தெரியும். இதற்காகப் பண்டிகைத் தேதியை யாரும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம்.

16. அக்கா மெல்பர்ன்ல இருக்காங்க. கிறிஸ்துமஸ் அப்போ அங்க வெயில்னு சொன்னா பையன் நம்பமாட்டேங்கறான்.

டிசம்பரில் ஒரு வீடியோ கால் போடுங்கள், அவன் வயதுப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் இருப்பதைப் பார்த்துவிட்டால் நம்புவான். 9ஆம் பதிலில் சொன்னபடி அப்போது நேர்வெயில் தென்பாதிக்குப் போயிருக்கிறது. டொராண்டோவில் யாராவது இருந்தால் அதே நாளில் அவர்களையும் அழைத்துப் பேசுங்கள். சிங்கப்பூர் மாமா இருந்தால் இன்னும் நல்லது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வருடம் முழுவதும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஒரே நாளில் மூன்று ஊர், மூன்று உடை. பாடம் முடிந்தது.

17. ஸ்கூல்ல "சீசன்ஸ் டே"க்கு ஸ்வெட்டர், குல்லா போட்டு அனுப்பச் சொல்றாங்க. வாங்கணுமா?

நான் வாங்கமாட்டேன். பனிக் காலத்துக்கு நம் ஊரில் தலையில் கட்டும் மஃப்ளர் போதும், காலையில் வாக்கிங் போகும் தாத்தாக்களிடம் பார்க்கலாம். ஸ்வெட்டரில் வியர்த்துக்கொண்டு குளிர்காலத்தை நடித்துக்காட்டும் குழந்தை அன்று எதையும் கற்பதில்லை. மழைக் காலத்துக்குக் குடை, காற்றுக் காலத்துக்குக் காற்றாடி. எல்லாம் வீட்டிலேயே இருப்பவை.

18. பறவை, பூச்சி வச்சு சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும், மரத்தைவிட இதில் குழந்தைக்கு ஆர்வம் அதிகம். பங்குனி, சித்திரையில் குயில் விடாமல் கூவும். மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல், தேங்கிய நீரில் தவளைச் சத்தம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் வேடந்தாங்கலில் பறவைகள் கூடுகட்டும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் குஞ்சுகளையும் பார்க்கலாம். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகிறது பங்குனி ஆமை, பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறது. அதன் முட்டைகளைப் பாதுகாக்க மாணவர்கள் 1988இல் இருந்து இரவு நேரத்தில் கரையோரம் நடந்து தேடுகிறார்கள். பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். டார்ச்சும் ஃபிளாஷும் மட்டும் வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை தவறிவிடும்.

19. "எங்க காலத்துல இப்படி இல்லை"னு பெரியவங்க சொல்றாங்க. குழந்தைகிட்ட பருவநிலை மாற்றத்தைப் பத்திப் பேசலாமா?

எட்டு வயதுக்குக் கீழே அதைப் பேசி என்ன ஆகப்போகிறது? பயம்தான் மிஞ்சும். முதலில் வழக்கம் எது என்று தெரிய வேண்டும், பிறகுதான் மாறியது தெரியும். ஆனால் பாட்டியிடம் கேட்கச் சொல்லலாம். அவர் சின்ன வயதில் ஐப்பசி எப்படி இருந்தது, கிணற்றில் தண்ணீர் எந்த மாதம் குறையும் என்று. அந்தப் பதிலையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

20. புரிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

"பருவங்கள் எத்தனை?" என்று கேட்காதீர்கள், அது மனப்பாடத்துக்கான கேள்வி. இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கே நுங்கு வேணும்னா கிடைக்குமா? இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" "மாடியில் வத்தல் போட எது நல்ல மாசம்?" "தீபாவளிக்கு ஏன் அடிக்கடி பட்டாசு நனையுது?" குழந்தை யோசித்து, காலண்டரைத் திரும்பிப் பார்த்து, தன் காரணத்தைச் சொன்னால் புரிந்திருக்கிறது. பதில் தவறாக இருந்தாலும் காரணம் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த நுங்கு வண்டி வரும்போது அதுவே திருத்திக்கொள்ளும்.